எல்லைக் கதை கேட்கப் போகும் பிள்ளைகளுக்கு

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது, சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலானோரின் வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கரின் மத்தியஸ்தம் எல்லாம் நடந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி திரும்பி வந்தது. அன்று இருபது வயதில் இருந்தவர்களுக்கு இன்று எண்பத்தைந்து தாண்டிவிட்டது. அவர்கள் பேச்சைப் பதிவு செய்யக் கிளம்பும் உங்களுக்குச் சில வார்த்தைகள்.

1. வயதில் மூத்தவரிடம் முதலில் போங்கள். நல்ல மைக் வாங்கிய பிறகு போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், கைபேசியே போதும். அழைப்பு வராதபடி ஏரோபிளேன் மோடில் போட்டு, அவர் வாய்க்கு ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

2. தலைவர்கள் பெயரும் தேதியும் புத்தகத்தில் இருக்கின்றன. "போராட்டம் எப்படி நடந்தது?" என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் வரும். "அந்த ஆறரை வருஷம் பள்ளிக்கூடத்தில் எந்த மொழியில் படித்தீர்கள்? பத்திரம் பதிய எங்கே போனீர்கள்? திருத்தணி திரும்பி வந்த பிறகு, ஆந்திராவிலேயே இருந்துவிட்ட நகரியில், புத்தூரில் கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்கப் போவதில் ஏதாவது மாறியதா?" என்று கேளுங்கள்.

3. வருஷம் கேட்டு அவரைத் திணறடிக்காதீர்கள். "அந்த வருஷ ஆடிக் கிருத்திகைக்கு முன்னாலா, பின்னாலா? மூத்தவன் பிறந்துவிட்டானா?" என்றால் தானே வந்துவிடும். தேதி தப்பினால் குறுக்கே திருத்தாமல் நோட்டில் குறித்துக்கொண்டு, பிறகு பழைய செய்தித்தாளோடு ஒப்பிடுங்கள்.

4. பாட்டியைத் தனியாகக் கேளுங்கள். தாத்தா பக்கத்தில் இருந்தால் அவரே பேசுவார். ஜெயிலுக்குப் போன கதை தாத்தாவிடம் இருக்கும். அந்த நாட்களில் வீட்டில் உலை எப்படிக் கொதித்தது என்பது பாட்டிக்குத்தான் தெரியும்.

5. தெலுங்கு பேசும் வீடுகளை விட்டுவிடாதீர்கள். திருத்தணி இங்கே வந்தபோது, செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில ஊர்கள் பதிலுக்கு ஆந்திராவுக்குப் போயின. அங்கேயும் இதே கேள்விகளைக் கொண்டு போங்கள். தமிழும் தெலுங்கும் கலந்து பேசினால் கலந்தபடியே எழுதுங்கள், செந்தமிழாக்க வேண்டாம்.

6. அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வியைப் போடாதீர்கள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

7. பேச ஆரம்பிக்கும் முன்பே அனுமதி வாங்குங்கள். யார் கேட்கப் போகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். நிலத் தகராறு, சாதிச் சண்டை வந்து "இதைப் போடாதே" என்றால், போடக் கூடாது.

8. மின்விசிறியை நிறுத்துங்கள், குக்கர் விசில் அடங்கட்டும். தொடக்கத்தில் நாள், ஊர், பேசுபவர் பெயர் மூன்றையும் உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள்.

9. முடிந்தால் வேவ் கோப்பாகப் பதியுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை மூலமாக வைக்காதீர்கள், ஒலி தேய்ந்திருக்கக்கூடும். மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். ஒன்றை அந்த வீட்டுக்கே கொடுங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் சேர்க்க முடியுமா என்றும் விசாரியுங்கள்.

10. எழுந்திருக்கும் முன், "இன்னும் யாரைக் கேட்கலாம்?" என்று கேளுங்கள். "அவன் பொய் சொல்லுவான், அவனிடம் மட்டும் போகாதே" என்று ஒருவர் பெயரைச் சொன்னால், அடுத்து அவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.