குவார்ட்டர்ஸ் காலி செய்யும் முன்: பழைய நெய்வேலிப் படங்களைக் காக்கச் சில குறிப்புகள்

நெய்வேலியில் 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957-ல் சுரங்க வேலையை நேரு தொடங்கி வைத்தார். அந்த நாளில் குடிவந்தவர்களின் வாழ்க்கை இன்று நம் வீட்டு ஆல்பங்களில்தான் இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். சாமான் கட்டுகிற அவசரத்தில் ஆல்பம் பழைய பேப்பரோடு போய்விடாமல் இப்போதே கவனியுங்கள், தோழிகளே.

1. முதல் வேலை, பெயர் எழுதுவது. படத்தின் பின்பக்கம் ஓரமாக 4பி பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும். வழவழப்பான கலர் பிரிண்டில் பென்சில் பிடிக்காது, அதற்குத் துண்டுத்தாளில் எழுதிப் படத்தோடு ஒரே கவரில் போடுங்கள்.

2. குரூப் போட்டோவுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் நம்பர் போட்டு, கீழே பெயர்களை எழுதிவிடலாம். அடித்தல் திருத்தல் எல்லாம் ஜெராக்ஸோடு போகும், அசல் படம் சுத்தமாக இருக்கும்.

3. பெரியவர்களிடம் "இது யாரு?" என்று மட்டும் கேட்டால் "ஞாபகம் இல்லையேம்மா" என்பார்கள். "அப்போ தண்ணி எங்கேருந்து வந்தது? பக்கத்து வீட்டில் யார் இருந்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள், பெயர்கள் தானாக வரும். செல்போனில் குரலைப் பதிவு செய்துகொண்டால் எழுதுகிற வேலை மிச்சம்.

4. வருஷம் தெரியாத படமா? பழுப்பு நிலக்கரி முதன்முதலில் கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். அனல்மின் நிலையம் மின்சாரம் தர ஆரம்பித்தது 1962-ல். பின்னால் அனல்மின் நிலையம் ஓடுவது தெரிந்தால் படம் அதற்குப் பிந்தியது. வெறும் செம்மண்ணும் முழங்கால் உயர மரக்கன்றுகளும் தெரிந்தால் ஊரின் ஆரம்ப நாளாக இருக்கலாம். ஸ்டுடியோ முத்திரை இருக்கிறதா என்று பின்பக்கமும் பாருங்கள்.

5. ஒட்டும் பக்கமுள்ள பழைய ஆல்பத்தில் படம் பிடித்துக்கொண்டதா? பல்லிடுக்கில் விடும் ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கு அடியில் நுழைத்து மெதுவாக அறுத்து எடுங்கள். வரவில்லை என்றால் விட்டுவிட்டு, பக்கத்தோடு சேர்த்தே படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

6. ஃப்ரேம் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவே கூடாது. கண்ணாடியோடு அப்படியே பிரதி எடுங்கள்.

7. ஸ்கேனர் இல்லாவிட்டால் செல்போன் போதும். வெயில் நேராக விழாத ஜன்னலோரம் படத்தைத் தட்டையாக வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல், போனைச் சாய்க்காமல் எடுங்கள். சின்னப் படங்களை மட்டும் கடையில் கொடுத்து 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்வது நல்லது.

8. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறையும். 'டாக்குமெண்ட்' என்று அனுப்புங்கள்.

9. லேமினேஷன், செல்லோ டேப், ரப்பர் பேண்ட், குண்டூசி எதுவும் வேண்டாம். பரணில் வெப்பம் அதிகம், தரையோரம் ஈரம். படுக்கையறை பீரோவின் நடுத்தட்டுதான் சரியான இடம். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து இங்கே பயன்படுத்துங்கள்.

10. நெகட்டிவிலிருந்து வினிகர் வாடை வந்தால் அது கெட ஆரம்பித்துவிட்டது. உடனே தனியாகப் பிரித்து, அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

11. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டதை நாம் பார்த்தோம். அப்படி ஒரு மழையில் நனைந்த படங்களை அடுக்காகக் காயவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; ஈரமாக இருக்கும்போதே பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, முகம் மேலே இருக்கும்படி பருத்தித் துணியில் நிழலில் பரப்புங்கள். அன்றைக்கு நேரமில்லையா? பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், கெடாமல் இருக்கும்.

12. ஊரின் முதல் குடிகள் குவார்ட்டர்ஸ்காரர்கள் மட்டும் இல்லை. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டுப் பெயர்ந்து போன கிராமத்துக் குடும்பங்கள் நமக்கும் முந்தியவர்கள். அவர்கள் வீடுகளில் கேமரா இருந்திருக்காது, ஒரே ஒரு கல்யாணப் படம்தான் இருக்கும். அதனால் பழைய ரேஷன் கார்டு, பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாவற்றையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். அசலை இரவல் வாங்கிப் போகாதீர்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே எடுத்து, பிறகு நல்ல பிரிண்ட் ஒன்று போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

13. பக்கத்துப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் பிரதி எடுத்திருக்கிறது. மூடிப்போன ஸ்டுடியோவின் நெகட்டிவ் பெட்டி உங்கள் உறவில் யாரிடமாவது இருந்தால், தூக்கிப் போடும் முன் அங்கே ஒரு வார்த்தை கேளுங்கள்.

14. பிரதிகள் ஒரே பென் டிரைவில் இருந்தால் போதாது. ஒன்று உங்களிடம், ஒன்று வெளியூரில் இருக்கும் நாத்தனாரிடமோ தம்பியிடமோ, ஒன்று கூகுள் டிரைவில். பொங்கலுக்கு எல்லாரும் கூடும்போது திறந்து பார்த்து, எல்லாம் திறக்கிறதா என்று சரிபாருங்கள். விட்டுப்போன பெயர்களையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.