காவிரியோடு கடல் வரை

கேள்வி: கல்யாணமாகி இருபது வருஷமாகிறது. நானும் கணவரும் காரிலேயே கடலுக்குப் போய்வர ஆசை. எந்த வழியில் போகலாம்?
- வாசகி, ராசிபுரம்

பதில்: நால்வழிச் சாலையை நாமக்கல்லோடு விட்டுவிடுங்கள். மோகனூர் போய்க் காவிரியைப் பிடியுங்கள். அங்கிருந்து தொட்டியம், முசிறி வரை வழியெல்லாம் வாழைத் தோட்டம். சாலையோரம் குலை குலையாய்த் தார் ஏற்றிக்கொண்டு நிற்கும் வண்டிகளைப் பார்ப்பீர்கள். இறங்கி ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள். முசிறிப் பாலத்தில் குளித்தலைக்குக் கடந்தால் அடுத்தது முக்கொம்பு. கொள்ளிடம் பிரியும் இடம் அதுதான். அப்புறம் கல்லணை, தஞ்சாவூர். இரவு கும்பகோணத்தில் தங்குங்கள்.

மறுநாள் மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார். உங்கள் ஊர்ப்பக்கம் அகண்டு ஓடும் ஆறு, அங்கே வாய்க்கால் போல ஒடுங்கிக் கடலில் சேருவதைப் பார்க்கையில் மனசு கனத்துப்போகும். ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு வந்த ஆறு அல்லவா! அருகிலேயே தரங்கம்பாடி. 1620-இல் டென்மார்க்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, கடலைப் பார்த்தபடி நிற்கிறது.

மொத்தம் சுமார் 300 கிலோமீட்டர். அவசரமே வேண்டாம். தை மாதம் போங்கள், வெயில் தணிந்திருக்கும். பேச மறந்துபோன பேச்சையெல்லாம் வழியில் பேசித் தீர்த்துவிடுங்கள்.