செயற்கை நுண்ணறிவுடன் உரக்கணக்குக் கருவியை இணைக்கும் முறை

உர அளவு, விதையளவு போன்றவற்றைச் செயற்கை நுண்ணறிவு உதவி நிரலிடம் கேட்டறியும் பழக்கம் விவசாயிகளிடையே பரவி வருகிறது. இந்நிரல் பொதுவான செய்திகளை நன்கு கூறும். ஆனால் நம் வயலின் பரப்போ மண் ஆய்வு முடிவோ அதற்குத் தெரியாது. தெரியாததையும் தெரிந்ததுபோல் கூறிவிடும். கணக்கிலும் சில வேளை தவறும். இக்குறையைப் போக்க, நாம் நம்பும் கணக்கு முறையை ஒரு சிறு 'சர்வர்' மூலம் அதனுடன் இணைக்கலாம்.

எம்.சி.பி. என்பது என்ன?

மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்பதன் சுருக்கமே எம்.சி.பி. உதவி நிரலும் வெளிக்கருவிகளும் தொடர்புகொள்வதற்கான இப்பொது விதிமுறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. இப்போது வேறு பல நிறுவனங்களின் நிரல்களும் இதை ஏற்கின்றன. எனவே ஒருமுறை அமைத்த சர்வரைப் பல நிரல்களுடன் பயன்படுத்தலாம்.

தேவையானவை

கணிப்பொறி ஒன்று, பைத்தான் மொழி (3.10 அல்லது அதற்குப் பிந்தையது), பைத்தானுக்கான எம்.சி.பி. தொகுப்பு, எம்.சி.பி.யை ஏற்கும் உதவி நிரல் ஆகியவை தேவை. நிரல் எழுதத் தெரிந்த மகன் அல்லது மகளின் உதவியைப் பெறலாம்.

அமைக்கும் முறை

1. யூரியாவில் 46 சதம் தழைச்சத்து உள்ளது. எக்டருக்கான தழைச்சத்தை வயலின் ஏக்கர் அளவால் பெருக்கி, 2.47-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்கி, 46-ஆல் வகுத்தால் தேவையான யூரியா கிலோவில் கிடைக்கும். இக்கணக்கை ஒரு கருவியாகப் பைத்தானில் எழுத வேண்டும்.

2. கருவி எதற்குப் பயன்படும், எந்த அளவுகளை எந்த அலகில் தரவேண்டும் என்ற விளக்கத்தை உடன் எழுத வேண்டும். உதவி நிரல் இவ்விளக்கத்தைப் படித்தே கருவியை இயக்கும்.

3. திரையில் அச்சிடும் கட்டளைகளை நீக்கிவிட வேண்டும். சொந்தக் கணிப்பொறியில் இயங்கும் சர்வர் அதே வழியாகவே பதில் அனுப்புவதால், அவை கலந்து இணைப்பு கெடும்.

4. உதவி நிரலின் அமைப்புக் கோப்பில் சர்வரின் பெயர், அதை இயக்கும் கட்டளை, கோப்பு உள்ள இடம் ஆகியவற்றைக் குறித்து, நிரலை மூடித் திறக்க வேண்டும்.

அலகில் கவனம் தேவை

மண் ஆய்வு அறிக்கையில் எக்டருக்கு 150 கிலோ தழைச்சத்து என்று இருப்பதாகவும், வயல் 2 ஏக்கர் என்றும் கொள்வோம். சரியான யூரியா அளவு 264 கிலோ. விளக்கத்தில் 'பரப்பு' என்று மட்டும் எழுதி, கணக்கிலும் 2.47-ஆல் வகுக்காமல் விட்டால், 2 ஏக்கர் 2 எக்டராகி 652 கிலோ என்று பதில் வரும். கணக்குப் பிழையில்லாததுபோல் தோன்றும். ஆனால் இடுபவருக்குப் பணமும் வீண், பயிரும் சாயும், குலைநோயும் புகையானும் பெருகும். ஆகவே 'பரப்பு, ஏக்கரில்' என்று தெளிவாக எழுத வேண்டும். நம் மொத்த நிலத்திற்கு மேற்பட்ட எண் வந்தால் கணக்கிட மறுக்கும்படியும் அமைப்பது நன்று. முதலில் இரண்டு மூன்று கணக்குகளைக் கையால் போட்டு ஒப்பிட்ட பின்பே பயன்படுத்த வேண்டும்.

பாதுகாப்பு

கருவி தரும் விடை உதவி நிரலை நடத்தும் நிறுவனத்தின் கணிப்பொறிக்கும் செல்லும். ஆதலால் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைச் சர்வரில் வைக்கக்கூடாது. கணக்கு நோட்டையும் இணைப்பதானால் படிக்க மட்டும் அனுமதிக்க வேண்டும். திருத்தவோ அழிக்கவோ அனுமதி தரக்கூடாது. முன்பின் தெரியாதவர் எழுதிய சர்வரை நிறுவுவதைத் தவிர்க்க வேண்டும்.

கருவி சரியாகக் கணக்கிடும். கொடுக்கும் எண்ணும் அலகும் சரியாக இருக்கவேண்டியது நம் பொறுப்பு. இதனை மனதிற்கொண்டு இம்முறையைக் கையாண்டால், விவசாயிகள் உரச்செலவைக் குறைத்துப் பயன் பெறலாம்.