சுகமானவனுக்கு வீடு எங்கே?

வேதபாடம்: மாற்கு 5:1-20; லூக்கா 10:33-35



கல்லறைகளில் குடியிருந்த மனுஷனைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். பன்றிகள் கடலில் பாய்ந்ததோடு அநேகர் நிறுத்திவிடுகிறோம். ஆனால் 19-ம் வசனத்தைக் கவனியுங்கள். கூடவே வருகிறேன் என்று கெஞ்சினவனை இயேசு படகில் ஏற்றவில்லை. அவனுடைய வீட்டுக்கே, அவனுடைய ஜனங்களிடத்துக்கே அனுப்பினார். சுகம் கொடுத்தவர் வீட்டையும் காட்டினார்.

1. சங்கிலி சுகமாக்காது

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தபடியால் ஓட வழியில்லாமல் 28 பேர் மாண்டார்கள். வேறு யாரையும் நோக்கி விரல் நீட்ட வேண்டாம். பிசாசு என்று மட்டும் சொல்லி, மாத்திரையை நிறுத்தச் சொன்னவர்கள் நம்மிலும் உண்டு. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. ஜெபமும் வைத்தியமும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல.

2. சத்திரம் மட்டும் போதாது

சமாரியன் காயம் கட்டினதோடு போய்விடவில்லை. சத்திரத்தில் சேர்த்து, பணம் கொடுத்து, திரும்பி வருவேன் என்றும் சொன்னான். 1993-ல் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இருவர், தெருவில் அலைந்த மனநலம் குன்றிய பெண்களுக்காக 'தி பான்யன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சுகமான அநேகர் குடும்பத்தோடு சேர்ந்தார்கள். சிலருக்கோ போக வீடில்லை. குடும்பம் இருந்தும் ஏற்றுக்கொள்ளவில்லை. சுகமான பிறகும் விடுதியிலேயே ஆயுள் முடிவதா?

இதற்காக 2015-ல் 'ஹோம் அகெய்ன்' என்ற திட்டம் வந்தது. சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீடு. நாலைந்து பேர் ஒரே குடும்பம்போல இருப்பார்கள். சமைப்பார்கள், கடைக்குப் போவார்கள், முடிந்தவர்கள் வேலைக்கும் போவார்கள். துணைக்கு உதவியாளர் உண்டு, வைத்தியமும் தொடரும். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் இதை நல்ல முன்மாதிரியாக எடுத்துக்காட்டியது.

3. நம்ம தெருவில் இடமுண்டா?

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் அழுக்குத் துணியோடு படுத்திருப்பவரைத் தாண்டித்தானே ஜெபக்கூட்டத்துக்குப் போகிறோம்! அவர் நாளைக்குத் தெளிவடைந்து, நம்மிடம் ஒரு ரூம் வாடகைக்குக் கேட்டால்? "ஐயோ, பழைய பைத்தியமாச்சே, வேண்டாம்பா!" என்போம். குடியை விட்ட சகோதரன் சாட்சி சொன்னால் அல்லேலூயா சொல்றோம். வீடு கேட்டு வந்தால் சாவியை ஒளித்து வைக்கிறோம். இது அன்பா?

நாம் செய்யக்கூடியவை:

* ஜெபியுங்கள்; டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லாதேயுங்கள்.
* என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416 என்ற இலவச அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.
* தேறினவருக்கு ஒரு அறை கொடுங்கள். விசைத்தறியிலோ பூக்கட்டவோ முடிந்த வேலை கொடுங்கள்.
* வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். மறுபடியும் சோர்ந்தால் துரத்தாமல் வைத்தியத்துக்குக் கூட்டிப்போங்கள்.

அந்த மனுஷன் தெளிந்த புத்தியோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டபோது ஊரார் பயந்தார்கள். நாமும் பயப்படுகிறோம். ஆனாலும் ஆண்டவர் அவனை அந்த ஊராரிடத்துக்கே அனுப்பினார். இன்று நம்மிடத்துக்கு அனுப்பினால் கதவைத் திறப்போமா?

இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் இதை ஒருவரோடொருவர் பேசி, ஒரு தீர்மானம் எடுங்கள். கர்த்தர் உதவி செய்வாராக. ஆமென்.