வேலை மாறிய வருடத்தின் வரிக் கணக்கு

ஜூன் பாதியில் ஃபார்ம் 16 வந்ததும் எங்கள் குடியிருப்பில் நாலைந்து பேராவது லேப்டாப்போடு என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வருடம் முழுக்க ஒரே இடத்தில் சம்பளம் வாங்கியவர்களுக்குக் காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். நடுவில் வேலை மாறியவர்கள்தான் திகைத்து உட்காருவார்கள். "ரெண்டு கம்பெனியிலயும் வரியே பிடிக்கலையே சார், இது எப்படி எண்பத்தெட்டாயிரம் கட்டச் சொல்லுது?" என்று போன வாரம்கூட ஒரு தம்பி கேட்டார். அவர் சம்பளத்தை ரவுண்டாக்கிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பழைய வேலையில் மாதம் 1 லட்சம். அந்த அலுவலகம் வருடச் சம்பளம் 12 லட்சம் என்று எடுத்துக்கொண்டு, நிலைக்கழிவு 75,000 கழித்தது. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் டிடிஎஸ் பிடிக்கவில்லை. அக்டோபர் முதல் புது வேலை, மாதம் 1.4 லட்சம். ஆறு மாதத்துக்கு 8.4 லட்சம்தானே என்று அவர்களும் பிடிக்கவில்லை. இரண்டு பேர் கணக்கும் தனித்தனியாகச் சரி. வரித்துறைக்கு நீங்கள் ஒரே ஆள். மொத்தம் 14.4 லட்சம், நிலைக்கழிவு ஒரே ஒரு தடவை, மீதி 13.65 லட்சம். தள்ளுபடி எல்லை தாண்டிவிட்டது. முதல் 4 லட்சத்துக்கு வரி கிடையாது. 4 முதல் 8 வரை 5 சதவீதம், 20,000. 8 முதல் 12 வரை 10 சதவீதம், 40,000. மிச்சம் 1.65 லட்சத்துக்கு 15 சதவீதம், 24,750. ஆக 84,750. அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்த்தால் 88,140. ஜூலையில் மொத்தமாகக் கட்டினால் முன்வரி கட்டாததற்கான வட்டி வேறு, ஏறக்குறைய 8,000 ரூபாய் ஏறும்.

ஆகவே முதல் காரியம் ஜூலையில் இல்லை, புது வேலையில் சேரும் வாரத்தில் இருக்கிறது. பழைய வேலையின் சம்பளத்தையும் பிடித்த வரியையும் புது அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க ஒரு படிவம் உண்டு. ஹெச்ஆரிடம் கேளுங்கள், தாமாகக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்துவிட்டால் அந்த 88,140 ஆறு மாதத்துக்குப் பிரிந்து மாதம் 14,690 ஆகப் பிடிபடும். "பழைய சம்பளம் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ" என்று பலர் மறைக்கிறார்கள். சேர்ந்தாகிவிட்டது, இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்படியும் சொல்ல மனமில்லை என்றால் வரித்துறை தளத்தில் மார்ச் 15க்குள் முன்வரியாக நீங்களே கட்டிவிடுங்கள். வட்டியில் பெரும்பகுதி குறையும். பணம் கட்டும் பக்கத்தில் 100 என்ற எண் முன்வரிக்கு, 300 என்பது வருடம் முடிந்தபின் கட்டும் சுய மதிப்பீட்டு வரிக்கு. மாற்றிக் கட்டிவிட்டு வருகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். நிதியாண்டையும் இரண்டு முறை பாருங்கள்.

இதில் வீட்டுக் கணக்குக்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்று: வேலை மாறினால் கூடுதலாக வரும் சம்பளத்தை முதல் மூன்று மாதம் தொடக்கூடாது. மேலே சொன்னவருக்கு மாதம் 40,000 கூடுதல், மூன்று மாதத்தில் 1.2 லட்சம். வரி முழுக்க அதிலேயே அடங்கி மிச்சமும் நிற்கும். ஏடிஎம் கார்டு இல்லாத தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். அந்த மூன்று மாதத்தில் புது இஎம்ஐ வேண்டாம், புதுச் சீட்டும் வேண்டாம். பழைய பிஎஃப் பணத்தை எடுக்கவும் வேண்டாம், புது வேலைக்கு மாற்றிவிடுங்கள். ஐந்து வருடத் தொடர் பணி முடியாமல் எடுத்தால் அதற்கும் வரி உண்டு.

பழைய முறையா புதியதா என்ற கேள்விக்கு நிறையப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்கிறார்கள். இந்த 14.4 லட்சத்துக்குப் பழைய முறை சமமாக வேண்டுமானால், அதன் நிலைக்கழிவு 50,000 போக இன்னும் ஏறக்குறைய 5.29 லட்சம் கழிவு காட்ட வேண்டும். வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம், 80சி 1.5 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000 எல்லாம் சேர்த்தாலே 3.75 லட்சம்தான். பெரிய வாடகை கொடுத்து ஹெச்ஆர்ஏ கழிவும் கிடைக்கிறவர் மட்டும் உட்கார்ந்து கணக்குப் போடட்டும். மற்றவர்கள் புதிய முறையை வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

தாக்கல் செய்யும்போது இரண்டு ஃபார்ம் 16, வரித்துறை தளத்தில் கிடைக்கும் 26ஏஎஸ், ஏஐஎஸ் அறிக்கைகள் என நாலையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டு ஃபார்மிலும் 75,000 கழிவு இருக்கும், அதனால் கழித்தபின் உள்ள தொகைகளைக் கூட்டாதீர்கள். மொத்தச் சம்பளங்களைக் கூட்டி, கழிவை ஒரு முறை எடுங்கள். ஜாயினிங் போனஸும் சம்பளமே. தளம் தானாக நிரப்பிய எண்ணை நம்பி அடுத்த பக்கத்துக்குப் போகாதீர்கள்.

ஏஐஎஸ்ஸில் எல்லோரும் தடுமாறுவது எஃப்டி வட்டியில். முதிர்வில் மொத்தமாகக் கிடைக்கும் எஃப்டி என்றாலும் வங்கி வருடா வருடம் வட்டியைக் கணக்கில் ஏற்றி வரித்துறைக்கும் தெரிவித்துவிடும். கைக்கு வராத பணத்துக்கு வரியா என்று கோபம் வரும், நியாயம்தான். ஆனால் வருடா வருடம் காட்டிவிட்டால் முதிர்கிற வருடத்தில் மொத்த வட்டியும் ஒன்றாக வந்து உங்களை மேல் விகிதத்துக்குத் தள்ளாது. மனைவி பெயரில் நீங்கள் பணம் கொடுத்துப் போட்ட எஃப்டி என்றால் அந்த வட்டியும் உங்கள் வருமானத்தில்தான் சேரும். டிடிஎஸ் பிடிக்கவில்லை என்பதற்காக வட்டிக்கு வரி இல்லை என்று ஆகாது. ஏஐஎஸ்ஸில் உங்களுடையது அல்லாத தொகை இருந்தால் அங்கேயே மறுப்புப் பதிவு செய்யலாம்.

மீதியெல்லாம் சுலபம். பாக்கி வரியை முதலில் கட்டி, சலான் எண்ணை நிரப்பி, ஜூலை 31க்குள் தாக்கல் செய்யுங்கள். தவறினால் 5,000 வரை தாமதக் கட்டணம், பழைய முறையைத் தேர்வு செய்யும் வாய்ப்பும் போய்விடும். அனுப்பிய கையோடு ஆதார் ஓடிபி போட்டுச் சரிபார்த்துவிடுங்கள். அதற்கு 30 நாள் அவகாசம் உண்டு, ஆனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டவர்கள் மறந்தே போகிறார்கள். இரண்டு ஃபார்ம் 16ஐயும் ரசீதையும் ஒரே ஃபைலில் வையுங்கள். பழைய அலுவலகத்தின் மெயில் கணக்கு மூடிவிட்டால் அந்தக் காகிதத்துக்காக அலைவது பெரும்பாடு. வேலையை விட்டு வரும் நாளிலேயே உங்கள் சொந்த மெயில் முகவரியை அங்கே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.