காப்பிக்காகக் கட்டிய அரண்மனை

அன்புள்ள தம்பிக்கு,

வகுப்பு முடிந்து எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது நீ ஒரு கேள்வி கேட்டாய். "கோயிலுக்கும் கோட்டைக்கும் பாரம்பரியம் உண்டு, சரி. குடிக்கிற இடத்துக்கு என்ன சார் பாரம்பரியம்?" மணி அடித்துவிட்டதால் பதில் பாதியில் நின்றது. மீதியை இதில் எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது புரோக்கன் ஹில். மாநிலத் தலைநகர் சிட்னி 1,100 கிலோமீட்டருக்கும் அப்பால். பக்கத்து மாநிலத்து அடிலெய்டு சுமார் 500 கிலோமீட்டர்தான் என்பதால், ஊர்க் கடிகாரம் அடிலெய்டு நேரத்தையே காட்டுகிறது. 1883இல் சார்லஸ் ராஸ்ப் அங்கிருந்த குன்றில் சுரங்க உரிமைக்கு முளை அடித்ததும், வெள்ளியும் ஈயமும் துத்தநாகமும் வந்ததும் நீ படித்ததுதான். தெருப் பெயர்களிலும் அந்தக் கதை இருக்கிறது: ஆர்ஜென்ட், சல்ஃபைடு, குளோரைடு, ஆக்சைடு. ஆர்ஜென்ட் தெருவும் சல்ஃபைடு தெருவும் கூடும் முக்கில், மூன்று மாடியும் அகலமான தாழ்வாரங்களுமாக நிற்கிறது பேலஸ் ஹோட்டல்.

'ஹோட்டல்' என்றதும் இட்லி, சாம்பார் என்று நினைத்துவிடாதே. அங்கே மதுவிடுதிக்கும் அதுதான் பெயர். மது விற்க உரிமம் வேண்டுமானால் வழிப்போக்கர் தங்க அறையும் வைத்திருக்க வேண்டும் என்று அந்தக் காலத்து உரிமச் சட்டங்கள் சொல்லின. அறைகள் வந்தன, பெயரும் ஒட்டிக்கொண்டது.

இனி விஷயத்துக்கு வருவோம். இந்தக் கட்டடத்தை எழுப்பியவர்கள் குடிகாரர்கள் அல்லர், குடியை ஒழிக்கப் புறப்பட்டவர்கள். 1889இல் மெல்போர்ன் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் டன் வரைந்த திட்டப்படி இது 'காப்பி அரண்மனை'யாகத் திறக்கப்பட்டது. சுரங்கத்திலிருந்து மேலே வரும் தொழிலாளிக்கு உட்கார இடமும் படுக்க அறையும் சூடான காப்பியும் கொடுத்தால் மதுக்கடைப் பக்கம் போகமாட்டான் என்பது அவர்கள் நம்பிக்கை. அன்று மெல்போர்னிலும் இதே அலைதான். 1888இல் அங்கே நடந்த கண்காட்சிக்கு வரும் கூட்டத்தை நம்பி எழுந்த ஃபெடரல் காப்பி அரண்மனை நகரத்தையே மலைக்க வைத்த கட்டடம். 1970களில் அதை இடித்துத் தள்ளினார்கள். குடிக்கு எதிராக நின்றவர்கள் இவ்வளவு ஆடம்பரமாகக் கட்டியிருக்கிறார்களே என்று வியக்காமல் அதன் பழைய படங்களைப் பார்க்க முடியாது. மதுக்கடைக்குப் போட்டியாக எளிமையை அல்ல, அதைவிடப் பெரிய பகட்டை வைத்தார்கள்.

புரோக்கன் ஹில்லில் கணக்கு தப்பியது. காப்பி ஓடவில்லை. 1892இல் மது உரிமம் வாங்கிவிட்டார்கள்.

"தொழிலாளிக்குக் குடிதான் பிடிக்கும்" என்று இதை ஒரு வரியில் முடித்துவிடுகிறவர்களைக் கண்டால் கோபம் வருகிறது. தண்ணீரைப் பார்க்காமல் இந்த ஊரைப் பற்றிப் பேசவே கூடாது. ஆண்டு மழை சுமார் 250 மில்லிமீட்டர். ஆறு கிடையாது. தொடக்க ஆண்டுகளில் கெட்ட தண்ணீரால் டைபாய்டு பரவிப் பலர் செத்தார்கள். 1891-92 வறட்சியில் ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. டார்லிங் ஆற்றுத் தண்ணீர் மெனிண்டீயிலிருந்து குழாய் வழியே வந்தது 1952இல்தான். 2019இல் முர்ரே ஆற்றிலிருந்து 270 கிலோமீட்டருக்குக் குழாய் போட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் பீரைக் குடியின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. ஊரின் தாகத்தின் கணக்கிலும் எழுத வேண்டும். இது உன் ஆசிரியரின் கட்சி. மறுப்பதானால் ஆதாரத்தோடு மறு.

இந்தக் கட்சிக்கு ஒரு சாட்சி பேலஸ் ஹோட்டலுக்குள்ளேயே இருக்கிறது. 1970களில் அதை வாங்கிய இத்தாலியர் மரியோ செலோட்டோ, போட்டிசெல்லியின் வீனஸைத் தாமே உட்கூரையில் வரைந்தார். கடலிலிருந்து சிப்பியின் மேல் எழுந்து வரும் வீனஸ், கடலே இல்லாத செம்மண் ஊரின் தலைக்கு மேலே! பிறகு சுவர்களுக்குப் பூர்வகுடி ஓவியர் கார்டன் வேயை அமர்த்தினார். ஒவ்வொரு படத்திலும் தண்ணீர் இருக்க வேண்டும் என்பதே அவருக்கு இட்ட நிபந்தனை. அதன்படி படிக்கட்டுச் சுவரிலும் நடைவழியிலும் அருவியும் ஓடையும் குளமும் நிறைந்தன. 1994இல் வந்த 'பிரிசில்லா' திரைப்படத்தில் உலகம் பார்த்ததும் அந்தச் சுவர்களைத்தான்.

கென்னத் குக் 1961இல் எழுதிய 'வேக் இன் ஃப்ரைட்' நாவலையும் தேடிப் படி. புரோக்கன் ஹில்லை மாதிரியாக வைத்து அவர் படைத்த பண்டன்யாபா என்ற ஊரில், இளம் பள்ளி ஆசிரியன் ஒருவன் காசு சுண்டும் சூதாட்டத்தில் கைப்பணம் எல்லாம் இழந்து சிக்கிக்கொள்கிறான். எதிர்ப்பட்டவரெல்லாம் பீர் வாங்கிக் கொடுக்கிறார்கள், அந்த உபசாரமே அவனை அழிக்கிறது. மதுவிடுதியைப் புகழ்ந்து மட்டும் பேசுகிறவர்கள் அதைப் படிக்க வேண்டும். வீட்டுக்குப் போகாத கூலிப்பணமும் இந்தப் பாரம்பரியத்தில் அடக்கம்தான். அதை மறைத்து எழுதினால் அது வரலாறு ஆகாது, விளம்பரம்.

2015 ஜனவரியில் புரோக்கன் ஹில் நகரம் முழுவதையும் ஆஸ்திரேலிய அரசு தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒரு நகரம் முழுதாக அதில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. சுரங்கமும் தொழிற்சங்கக் கூடமும் மதுவிடுதியும் ஒரே ஊரின் வாழ்க்கை என்று பட்டியலிட்டவர்கள் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் வரும்போது உங்கள் கடைத்தெருவில் இருக்கும் ஆகப் பழைய காப்பிக் கடை எந்த ஆண்டு திறந்தது என்று விசாரித்துக்கொண்டு வா. கல்லாவில் இருக்கும் பெரியவரிடமே கேள்.

அன்புடன்,
உன் ஆசிரியர்