அம்மை சீசனில் உள்ளங்கையைப் பாருங்கள்

மாசி முடிந்து வெயில் ஏறினால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கிளினிக்குகளில் சின்னம்மைக் கூட்டமும் கூடிவிடும். வாசலில் நிற்கும்போதே வீட்டார் "அம்மை போட்டிருக்கு டாக்டர்" என்பார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சரியாக இருந்து பழகிப்போனதுதான் இப்போது வம்பு, ஏனென்றால் சின்னம்மை போலத் தோன்றும் குரங்கம்மையும் (எம்பாக்ஸ்) வந்துவிட்டது.

இந்தியாவின் முதல் குரங்கம்மை நோயாளி 2022 ஜூலை 14 அன்று கேரளத்தில் உறுதியானார், வளைகுடாவிலிருந்து திரும்பியவர். 2024 செப்டம்பரில் மலப்புரத்தில் ஒருவரிடம் அதன் புதிய 'கிளேட் 1பி' வகை தென்பட்டது, அவரும் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்தான். சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று வரிசையாக நிற்கும் இந்தக் கரையில், "நம்ம பேஷண்ட் எங்கே வெளிநாடு போகப்போறார்" என்ற பேச்சு செல்லாது.

திருச்சூர் இளைஞரின் கதை தெரிந்ததுதான். 2022 ஜூலை 22 அன்று வளைகுடாவிலிருந்து ஊர் வந்தார், 27ஆம் தேதி மருத்துவமனையில் சேர்ந்தார், 30ஆம் தேதி இறந்தார். வளைகுடாவிலேயே எடுத்த பரிசோதனையில் குரங்கம்மை உறுதியாகியிருந்தது. அது மருத்துவர்களுக்குத் தெரிந்தது கடைசி நாளில்.

ஆகவே கேளுங்கள். கடந்த 21 நாளில் எங்கே போனார், யாரோடு தங்கினார், யாரோடு உறவு கொண்டார்? தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். மனைவி பக்கத்தில் நின்றால் உண்மை வராது.

பிறகு சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். லுங்கியையும்தான். முகத்தைப் பார்த்தே சீட்டு எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்! சின்னம்மை நெஞ்சிலும் முதுகிலும் அடர்ந்து வரும். தடிப்பு, நீர்க்கொப்புளம், பொருக்கு மூன்றும் ஒரே இடத்தில் கலந்திருக்கும். குரங்கம்மைக் கொப்புளம் கெட்டியானது, நடுவில் குழிந்தது, உள்ளங்கை, உள்ளங்காலிலும் வருவது. கழுத்திலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டும். ஆனால் 2022க்குப் பிறகு பலருக்குப் பிறப்புறுப்பில் ஓரிரு புண்ணோடு நின்றுவிடுகிறது, காய்ச்சல்கூட இல்லாமல். உடை களையாமல் பார்த்தால் அது தெரியவே தெரியாது. மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது: கேளுங்கள், கழற்றிப் பாருங்கள்.

மற்றவை வழக்கம்போல. கையுறை, முகக்கவசம். புண்ணிலிருந்து ஸ்வாப், பிசிஆர் பரிசோதனை. மாநகராட்சி சுகாதார அலுவலருக்கு அன்றே தகவல். பாரசிட்டமால், நீராகாரம். சீழ் பிடித்தால் மட்டும் ஆன்டிபயாடிக். டெகோவிரிமாட் மருந்து தேடி அலைய வேண்டாம்; காங்கோவில் நடந்த சோதனையில் அது புண்ணைச் சீக்கிரம் ஆற்றவில்லை. பெரியவருக்குச் சின்னம்மைதான் என்றால் அசைக்ளோவிர் 800 மி.கி., நாளுக்கு 5 வேளை, 7 நாள். கொப்புளம் கிளம்பிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. அரிப்பு அடங்க ஸ்டீராய்டு ஊசி? வேண்டவே வேண்டாம். கர்ப்பிணி, எச்ஐவி உள்ளவர், கண்ணில் புண் வந்தவர் மூவரும் உடனே அரசு மருத்துவமனைக்கு.

குரங்கம்மையில் பொருக்கெல்லாம் உதிர்ந்து புதுத்தோல் மூட 2 முதல் 4 வாரம் ஆகும், அதுவரை தனிமை. மணலி, எண்ணூர் ஆலைகளுக்கு வந்து ஒரே அறையில் பலராகப் படுக்கும் வெளிமாநிலத் தொழிலாளியிடம் "தனியா இருப்பா" என்றால் எங்கே போவார்? அவருக்கு மருத்துவமனைப் படுக்கைதான் வழி. தனி அறை உள்ள வீட்டில் பாய், போர்வை, துண்டு தனியாக இருக்கட்டும். வேப்பிலை செருகினால் தடுக்காதீர்கள். சண்டை போட வேறு விஷயம் இருக்கிறது. கூட இருந்தவர்களை 21 நாள் கவனியுங்கள். அனுப்பும்போது புண்ணைத் துணியால் மூடி, மருத்துவமனைக்கு முன்கூட்டிச் சொல்லி, 108ஐக் கூப்பிடுங்கள். ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடாதீர்கள்.